கோடிக்கரையில் ஆடி அமாவாசை

சாமியிடம் துணை கேட்டுப் போகிறவர்கள்தான் நாம் எல்லாரும். சாமிக்குத் துணை இல்லையே என்று கவலைப்பட்டவர் சுந்தரர். சேரமான் பெருமாளோடு கோடிக்கரைக்கு வந்தவர், கடலோரம் தனியாக நின்ற கோயிலைக் கண்டு மனம் பொறுக்காமல் பாடுகிறார்:

‘கடிதாய்க் கடற்காற்று வந்தெற்றக் கரைமேல்
குடிதான் அயலே இருந்தாற் குற்றமாமோ’

பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா? இதையும் பார்க்க வைத்தனவே என் கொடிய கண்கள், இங்கே உமக்கு யார் துணை? இதோடு விட்டாரா என்றால் இல்லை. காட்டில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, அம்மை பயப்பட மாட்டாளா, சுற்றி இருக்கும் வேடர்களோ பொல்லாதவர்கள், இப்படியும் ஓர் இடம் பார்த்துக் கோயில் கொண்டீரே என்று சண்டையே பிடிக்கிறார்.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கே எங்கள் ஊர் தூரம்தான். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும், கடல் முறைத்தால் அதுவும் இல்லை. பவளக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்கமரம், மேய்ப்பவன் இல்லாத குதிரைகள், உவர்த் தண்ணீர். யுத்தத்துக்குப் பயந்து போனவர்கள், தண்ணீருக்குப் போனவர்கள், படிப்புக்குப் போனவர்கள் என்று ஊர் பாதி காலி. எங்கள் வட்டாரத்துப் பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்களைப் பார்த்தால் டொராண்டோ, பாரிஸ், லண்டன், ஓஸ்லோ என்று வரிசையாக இருக்கும். சாமி தூக்கத்தான் தோள் இல்லை. பக்கத்து வட்டாரத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். நாங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு கைப்பேசியில் நேரலை பார்த்து அரோகரா போடுவோம்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்துக்குப் பக்கம். அங்கே காமாட்சி அம்பாளுக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய கோயில் இருக்கிறது. தேர் ஓடுகிறது, காவடி வருகிறது, தீர்த்தம் கப்பல் ஓடும் கால்வாயில். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவின் ஆடி அமாவாசையை அந்தக் கால்வாய்க் கரையில் நினைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமி என்று விரதம். கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, வீட்டில் காத்தோட்டிக்காய் கறியோடு படைப்பார்கள்.

“கீரிமலை கிட்டக் கிடக்க ஏன் பிள்ளை கோடிக்கரைக்குப் போறாய்?” என்று அம்மா முதலில் கேட்டார். அவர் இன்னும் தீவில்தான் இருக்கிறார், அசைய மாட்டேன் என்கிறார். அப்புறம் அவரே சொன்னார்: “சரி, போயிட்டு வா. அப்பாவுக்கு அந்தக் கரையை ஒருக்கா மிதிக்க ஆசை இருந்தது.” அப்பாவின் அப்பா தோணியில் வேதாரணியம் போய்வந்த கதையைச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டினார்கள். அமாவாசையைக் கோடிக்கரையில் முடித்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஊருக்குப் போவதாகத் திட்டம்.

திருச்சியில் இறங்கி, திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவருடைய காரில் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர், “நெடுந்தீவா? நியூஸ்ல அடிக்கடி வருமேண்ணே!” என்றார். நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது என்ற செய்தியில்தான் டெல்டாவுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கிறது. இந்தக் கரையில் படகு பறிபோனவன் வீட்டு அழுகையும் உண்மை, அந்தக் கரையில் இழுவைமடிப் படகு வலையை அறுத்துக்கொண்டு போனதால் கடனாளியானவன் வீட்டு அழுகையும் உண்மை. அவரிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன், முதலாவது அவருக்கே தெரியும்.

வேதாரண்யம் என்கிற திருமறைக்காட்டுக் கோயிலுக்கு யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தார் பரம்பரை அறங்காவலர்கள். கடல் நடுவில் இருந்தாலும் கோயிலை விடவில்லை. அம்மனுக்குப் பெயர் யாழைப் பழித்த மொழியாள். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் இங்கேதான். சம்பந்தருக்கு ஒரே பாட்டில் கதவு மூடிக்கொண்டது. அப்பருக்கோ பதிகம் முடியும்வரை அசையவில்லை. கடைசியில், அரக்கனை விரலால் நெரித்த உமக்கு இரக்கம் ஒன்று இல்லையே என்று கேட்ட பிறகுதான் திறந்தது. இலங்கை அரசனை நசுக்கிய கதையைச் சொல்லிக் கதவு திறக்கிறார்கள், நாங்களும் உருகிக் கும்பிடுகிறோம்! ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பார்கள். தெரியாமல் திரியைத் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தி ஆன கதையும் இந்த ஊர் விளக்குக்கு உரியது. நான் ஒரு நெய்விளக்குப் போட்டேன்.

விடியுமுன் கோடிக்கரைக்குக் கிளம்பினோம். வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930இல் ராஜாஜி நடந்துவந்து உப்பெடுத்த மண். இரண்டு பக்கமும் உப்பளம், அப்புறம் காடு. 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களைப் பற்றி ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார், அவர் வீட்டுத் தென்னைகளும் போனவைதானாம். திடீரென்று ரோட்டோரம் மட்டக்குதிரைகள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வெளிமானைப் பார்க்கத்தான் ஆட்கள் இந்தச் சரணாலயத்துக்கு வருவார்கள். குதிரைக்காக இறங்கியவனை அவர் இப்போதுதான் பார்க்கிறாராம். அதே குட்டைக் கால், அதே ஆளை மதிக்காத பார்வை. எங்கள் ஊரில் இதுகள் கிணற்றுத் தொட்டியில் தண்ணீருக்கு வந்து நிற்கும். “மார்கழியில வாங்கண்ணே, பூநாரை காட்டுறேன்” என்றார். எனக்குக் குதிரையே போதும்.

கரையில் கூட்டம் சொல்லி முடியாது. இராமர் முதலில் அணைகட்ட வந்த இடம் என்று இதை ஆதிசேது என்கிறார்கள், ஆடிக்கும் தைக்கும் டெல்டாவே திரண்டு வருகிறது. சோளகக் காற்று அள்ளி வீசிய மணலில், நனைந்த வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்தோம். தர்ப்பணம் செய்துவைத்தவர் கோத்திரம் கேட்டார். தெரியாது என்றதும் சிவகோத்திரம் என்று அவரே போட்டுக்கொண்டார். எந்த ஊர் என்றார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விடுகிற கையை அப்படியே தெற்கே நீட்டி, “நேரா அங்கதானே?” என்றார். அங்கேதான். கோடிக்கரைக்கு நேர் தெற்கே, எண்பது சொச்சம் கிலோமீட்டரில் என் அம்மா காத்தோட்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் தினமும் வேலைக்கு நான் போய்வருகிற தூரம்கூட இதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்பாவின் பெயரை மூன்று தரம் சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் தரமே குரல் போய்விட்டது.

கடலில் இருந்த கூட்டத்தில் கால்வாசிகூட, சுந்தரர் பாடிய குழகர் கோயிலுக்கு வரவில்லை. கையில் அமிர்த கலசம் ஏந்திய முருகனையும் மைத்தடங்கண்ணி அம்மையையும் நின்று நிதானமாகக் கும்பிட முடிந்தது. சுந்தரர் பதிகத்தை நான் தப்பும் தவறுமாக முணுமுணுப்பதைக் கேட்டுக் குருக்கள் கூடச் சேர்ந்து பாடினார். வெளிநாட்டில் இருந்து அபிஷேகத்துக்குப் பணம் அனுப்ப வழி உண்டா என்று விசாரித்தேன்.

“பணம் அனுப்பறவா இருக்கா. பிரதோஷத்துக்கு வந்து நிக்கத்தான் ஆள் வேணும்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எங்கள் பிள்ளையாரும் இதையேதான் சொல்வார். சுந்தரர் இங்கே பொன்னும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. நேரில் வந்தார், பார்த்தார், மனம் பொறுக்காமல் கேட்டார். நாங்களோ எங்கள் கோயில் ராஜகோபுரத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று கைப்பேசியில் ஊர்க் குழுவில் இரவிரவாக வாக்குவாதப்படுகிறோம். கும்பிட ஆள் இல்லாத ஊருக்கு அந்த உயரம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் நாகப்பட்டினம். காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சியையும் கும்பிட்டேன். இந்த ஊர்த் தியாகர் சுந்தரவிடங்கர் ஆடுவது கடலலை போன்ற நடனம் என்பார்கள். அதிபத்த நாயனார் ஊரும் இதுதான். வலையில் முதலில் பட்ட மீனைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்ட பரதவர். வறுமையில் வாடிய நாளில் பட்டது பொன்மீன் ஒன்றே ஒன்று, அதையும் விட்டார். ஆவணி ஆயிலியத்தில் இதை விழாவாகவே செய்கிறார்கள். மீன்பிடிக்கிற தீவில் பிறந்தவனுக்கு அறுபத்துமூவரில் இவர் சொந்தக்காரர்.

காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் வந்து நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மூன்று நான்கு மணி நேரத்தில் அக்கரை. துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது ஊர்க் குழுவில் எழுதினேன்: “வருகிற திருவிழாவுக்கு உபயம் வேண்டாம், ஆள் வேண்டும். ஆர் ஆர் வாறியள்?”

முதல் பதில் டொராண்டோவில் இருந்து வந்தது. ஆளுக்கு எவ்வளவு போடவேணும் என்று கேட்டிருந்தார்கள். அப்புறம் வரிசையாகக் கும்பிடும் கைகள். பாரிஸில் இருக்கிற சித்தப்பா மகன் மட்டும், கப்பலில் சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வருமா என்று கேட்டான். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.