பனையிலிருந்து இறங்கிய முனி

"முனி வேண்டாம் தம்பி. பள்ளிக்கூட நூலகத்துக்கு வாங்க மாட்டாங்க."

"சரி சார்."

பதிப்பாளருக்கும் எனக்கும் இவ்வளவுதான் பேச்சு. ஐந்து வருடம் ஆகிறது. அந்தச் 'சரி சார்' அவ்வளவு வேகமாக எப்படி வந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

என் முதல் சிறார் நாவல் அது. செம்மணல் தேரிக்காட்டில் ஒற்றைப் பனை, அதில் தன் பெயரை மறந்துபோன ஒரு முனி, மரத்தில் குடியிருக்கும் பேய் மாதிரி. காய்ந்த காவோலை உரசும்போதெல்லாம் யாரோ கூப்பிடுவதாக நினைத்து எட்டிப் பார்க்கும். விழுந்த பனம்பழங்களை எண்ணும். பத்துக்கு மேல் தெரியாது. அதற்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கும் எட்டு வயதுப் பெண்பிள்ளைதான் கதை. இதில் பயப்பட என்ன இருக்கிறது? பதிப்பாளர் முழுதாகப் படிக்கவே இல்லையோ என்றுகூட நினைத்தேன். படித்திருந்தார். ஒற்றுப்பிழை வரை பென்சிலால் சுழித்திருந்தார்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை மாதாமாதம் படித்து வளர்ந்த தலைமுறை அவருடையது. வேதாளம் இருக்கலாம், முனி இருக்கக் கூடாதா? இதைக் கேட்டிருக்க வேண்டும். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. நான்கு ஃபாரம், 64 பக்கம், உள்ளே படங்கள். பெயர் தெரியாத ஒருவனுக்காகக் கைக்காசைப் போடுகிறார். பள்ளிகள் வாங்காவிட்டால் கட்டுகள் அவர் வீட்டு மாடியில்தான் கிடக்கும். எனக்கே பத்து வயது வரை இருட்டில் ஒன்றுக்குப் போக அம்மாவை எழுப்ப வேண்டும், எல்லாம் அந்தப் பனைமரத்து பயம்தான். இன்னொரு பிள்ளைக்கு அது வேண்டாமே என்று ஒப்புக்கொண்டேன்.

இல்லை. இது இப்போது சேர்த்துக்கொள்வது. அன்றைக்குப் புத்தகம் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

முனி, சிறகு வைத்த தேவதை ஆனது. பனம்பழம் எண்ணும் அத்தியாயமும் போயிற்று. தேவதைக்கு எண்ணத் தெரியாது என்றால் ஒட்டவில்லை. கதையில் நான் மிகவும் நேசித்த இடம் அதுதான்.

பிறகு ஒரு பள்ளியில் கதை சொல்லப் போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தத் தேவதையை வரைந்து வந்து நீட்டினாள். சிறகு இரண்டும் பனையோலை. "எங்க ஆச்சி வீட்டு மரத்துலயும் இது இருக்கு. ராத்திரி சத்தம் போடும். இப்போ எனக்குப் பயமில்ல" என்றாள்.

நான் எழுதிய முனி அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா? இல்லை, அவர் மாற்றச் சொன்னதால்தான் அவளுக்குப் பயம் போயிற்றா? எப்படிப் பார்த்தாலும் பாதி ராத்திரியில் பதில் மாறிவிடுகிறது. அந்தப் படம் என் மேசைக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது.

போன வருடம் இரண்டாவது நாவல் கொடுத்தேன். ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை, அருமை தம்பி என்றார். அதில் பனையே கிடையாது.