ஜிகர்தண்டா வண்டி ஐஸ்கிரீம், கல்லுப்புக் கணக்கோடு

பேர் மதுரைக்கு. ஆனால் கீழக்கரை வெயிலில்தான் ஜிகர்தண்டாவின் அருமை தெரியும். உயிர்நாடி ஐஸ்கிரீம்.

1 லிட்டர் கெட்டிப்பாலைப் பாதியாகச் சுண்டவிட்டு, 100 கிராம் சர்க்கரை போட்டு முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் ஐஸ்தான் கரையும். ஆறிய பாலை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, தூக்கைச் சுற்றி 3 பங்கு நொறுக்கிய ஐஸ், 1 பங்கு கல்லுப்பு. வாலிநோக்கம் உப்பளம் பக்கத்தில் இருக்க, உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்பு குறைந்தால் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போதுமான அளவு இறங்காது, பால் சரியாக உறையாது. தூக்கைச் சுழற்றி, ஓரத்தில் படிவதைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். கை நின்றால் நறநறவென்று ஐஸ் கட்டும். உப்புத்தண்ணீர் மூடிவரை ஏறினால் அத்தனையும் வீண்.

பாதாம் பிசின் 1 டீஸ்பூன், ராத்திரியே ஊறட்டும். காலையில் கண்ணாடிச் சில்லு மாதிரி உப்பி நிற்கும். மேலே நன்னாரி சர்பத், குளிர்ந்த பால், கடைசியில் ஐஸ்கிரீம். உறையவைத்த கடல்பாசித் துண்டும் சேர்த்தால் அபாரம்.