சட்டைக்குள் நுழையாத கை

2024 மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தம்பிக்கு மனநோய் மாத்திரை ஹாலோபெரிடால் அளவைக் கூட்டி இன்றோடு ஆறு நாள். கத்தல் நின்றுவிட்டது. அம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மதியம் படுத்தாள்.

மே 6, திங்கள்

காய்ச்சல் 101. பக்கத்து கிளினிக்கில் வெயில் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள். மோரை விழுங்கவே சிரமப்படுகிறான், எச்சில் ஒழுகுகிறது. ராத்திரி மாத்திரையை நான்தான் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இந்த வரியை அழிக்கப்போவதில்லை.

மே 7, செவ்வாய்

விடிகாலை 103.6. வியர்வையில் சட்டை ஊறிக் கிடந்தது. மாற்றலாம் என்று கையைத் தூக்கினால் முழங்கை மடங்கவில்லை. அடம் பிடிக்கிறான் என்று அதட்டக்கூடச் செய்தேன். தண்ணீர்க் குழாயை வளைப்பது போல் இருந்தது. கூப்பிட்டால் கண் திரும்புகிறது, ஆள் வரவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறம். 108-ஐக் கூப்பிட்டோம்.

அவசரப் பிரிவில் வெயில் கதையைத்தான் முதலில் சொன்னேன். டாக்டர் அவன் கையை மடக்கிப் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை என்று கேட்டார். அட்டையை நீட்டினேன். "இதை இனி ஒரு வேளைகூடக் குடுக்காதீங்கம்மா." நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்: மனநோய் மருந்தே காய்ச்சலையும் விறைப்பையும் கிளப்பிவிடும் ஆபத்தான பக்கவிளைவாம். வெயில் தாக்கினால் பெரும்பாலும் உடம்பு துவண்டுவிடுமாம், இப்படி விறைக்காதாம்.

மே 9, வியாழன்

ஐசியு. தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிபிகே 14,200. சாதாரணமாக 200 பக்கம் இருக்க வேண்டியது. விறைத்த தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதால் சலைன் நிற்காமல் ஏறுகிறது. விறைப்பைத் தளர்த்த மூக்குக் குழாய் வழியாகப் புரோமோகிரிப்டின், நரம்பில் லோராசிபாம், அக்குளில் ஐஸ். பிபி ஏறுகிறது, இறங்குகிறது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை போடும் ஊசியாக இருந்திருந்தால், மருந்து உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்காகுமாம். நல்லவேளை, மாத்திரையாகப் போனது.

மே 17, வெள்ளி

காய்ச்சல் இல்லை. சிபிகே 600. கை மடங்குகிறது. "அக்கா, தோசை" என்றான்.

மனநல டாக்டர் வந்து பார்த்தார். குறைந்தது இரண்டு வாரம் எந்த மனநோய் மருந்தும் கூடாது. அப்புறம் வேறொன்றைக் கொஞ்சமாகத் தொடங்கி, சுரமும் விறைப்பும் வருகிறதா என்று பார்த்துக் கூட்டலாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் வேண்டாம், அதுவும் இதைக் கிளப்பும் என்றார். ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு என்று இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி அவன் பர்சில் வைத்தேன், அம்மா பர்சிலும் ஒன்று.

சாயங்காலம் சுவரைப் பார்த்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டான். இன்னும் 14 நாள் ஓட்ட வேண்டும்.