நாடாப்புழுவும் செரோடோனினும்

நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளான செரோடோனின் என்றாலே நமக்கு மனச்சோர்வும் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். நாடாப்புழுவுக்கு அது 'நகரு' என்கிற கட்டளை. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு இதைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது.

எலியின் குடலில் வாழும் ஹைமெனோலெபிஸ் டிமினுட்டா என்ற நாடாப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உணவு முழுவதையும் தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. எலி இரவில் சாப்பிட்டால் புழு குடலின் முன்பகுதிக்கு நகர்கிறது, அப்புறம் பின்னுக்கு இறங்குகிறது. எலிக்குச் சோறு போடும் நேரத்தை மாற்றினால் புழுவின் பயண நேரமும் மாறிவிடுகிறது! இந்த அசைவைத் தூண்டுவதில் செரோடோனினுக்குப் பெரிய பங்கு. தசைக்குச் சக்தி கிடைக்க, கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த சர்க்கரையை உடைக்கச் சொல்வதும் அதுதான். நம் உடலின் செரோடோனினில் பெரும்பகுதி உருவாவது குடலில். புழு குடியிருப்பதும் அங்கேதான். தனக்கு இடம் கொடுத்த ஓம்புயிரின் செரோடோனினையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. அசட்டையாக நினைத்த ஒரு புழுவிடம் இவ்வளவு நுணுக்கம்!

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் வலிப்பு நோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம். புழுக்களின் செரோடோனின் ஏற்பிகள், அதாவது செரோடோனின் வந்து ஒட்டும் செல்லின் புரதங்கள், நம்முடையவற்றுக்கு உறவு என்றாலும் அமைப்பில் விலகியவை. நம்மை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் முடக்கும் மருந்தை அந்த இடைவெளியில்தான் தேடுகிறார்கள்.