ஊர் அம்மன் பெயர்கள்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் எங்கள் நெல்லைச் சீமைப் பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள்.

காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி என்றால் சங்கரன்கோவில். உலகம்மை பாபநாசத்து அம்மன், குழல்வாய்மொழி குற்றாலத்து அம்மன். பிள்ளைக்கு ஊர் அம்மன் பெயரையே வைத்துவிடுவார்கள். கோமதிக்கு ஆவுடையம்மாள் என்றும் ஒரு பெயர் உண்டு; 'ஆ' என்றால் பசு. அதனால் ஒரே வீட்டில் ஆச்சி ஆவுடையம்மாளாகவும் பேத்தி கோமதியாகவும் இருப்பார்கள், பையன் பிறந்தால் கோமதிநாயகம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இசக்கி. பழைய பெயர், அவ்வளவு பழசு. வடமொழி யட்சிதான் தமிழில் இயக்கி ஆகி, பேச்சில் இசக்கி ஆனாள். சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே இருந்த இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் இடைக்குலப் பெண் மாதரியிடம்தான் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார். அந்த இயக்கியின் பெயரைத்தான் இன்றும் தென்மாவட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு இசக்கியம்மாள் என்று வைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் கோயில் கொண்டிருப்பதும் இசக்கியம்மன்தான்.

தம்பி மகளுக்குச் சீக்கிரம் பெயர் வைக்கப் போகிறார்கள். "ஸ், ஷ் வர்ற மாதிரி சொல்லுக்கா" என்று கேட்டான். நான் உலகம்மை என்றேன். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று அவன் மனைவிக்குப் பயம். அந்தப் பயம் நியாயம்தான். ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

அப்புறம், உங்கள் ஊர் அம்மன் பெயர் என்ன? வீட்டில் யாருக்காவது வைத்திருக்கிறீர்களா? கமெண்டில் எழுதுங்கள்.