சீரிஸ் 3 லாண்ட் றோவருக்கு நிசான் எஞ்சின்: மணலுக்காகச் செய்த மாற்றம்

பழைய லாண்ட் றோவருக்குப் பெரிய எஞ்சின் பொருத்துவது பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால், எந்த எஞ்சின், எத்தனை குதிரைவலு, ரேர்போ உண்டா என்ற கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்னுடைய வண்டியில் அந்த வேலையைச் செய்து முடித்த பின்னர் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, எஞ்சினைத் தெரிவு செய்வது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி என்பதே. வந்த எஞ்சினை இருக்கிற கியர்பொக்ஸோடு எவ்வளவு நேராக இணைக்கிறோம், கூடிய விசையைப் பின்னாலுள்ள உறுப்புகள் எந்த அளவுக்குத் தாங்கும் என்பவற்றில்தான் வண்டியின் ஆயுள் தங்கியிருக்கிறது.

வண்டி, முன் பின் சில்லுகளுக்கிடையே 88 அங்குலம் உள்ள சீரிஸ் 3, டீசல். அதன் சொந்த எஞ்சின் 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 62 குதிரைவலுவும் உடையது. தார் வீதியில் அது போதும். ஆனால் யாழ்ப்பாணத்தின் கிழக்குக் கரையோரம், மருதங்கேணியைத் தாண்டிச் செம்பியன்பற்றுப் பக்கம் உள்ள தென்னங்காணிக்குப் போய், தேங்காய் ஏற்றிக்கொண்டு கடற்கரை மணலில் திரும்பி வரும்போது, தேய்ந்துபோன அந்த எஞ்சினால் இரண்டாம் கியரைக்கூடத் தாங்க முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்ததால், வேறு நான்கு சில்லு இழுவை வண்டி வாங்குவது எங்களைப் போன்றோருக்குக் கைக்கெட்டாததாகிவிட்டது. ஆகவே இருப்பதை வலுப்படுத்துவதே வழியாயிற்று.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சின்கள் கிடைக்கும். என் முன் இருந்தவை இரண்டு: ஹையேஸ் வான்களில் வரும் ரொயோட்டா 3எல், கரவன் வான்களில் வரும் நிசான் ரீடி27. முன்னையது 2779 கன சென்ரிமீற்றர், பின்னையது 2663. கொள்ளளவில் சற்றுச் சிறியதாயினும் நிசானையே எடுத்தேன். ரொயோட்டாவில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ரைமிங் பெல்ற்றால் சுழல்கிறது. நிசானில் அந்த வேலையைப் பற்சக்கரங்களே செய்கின்றன. மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில், அறுந்தால் வால்வுகளையும் கெடுத்துவிடக்கூடிய ஒரு பெல்ற்றை நம்பிப் போக எனக்கு மனமில்லை. இன்னும் பெரிதாக, அவுஸ்திரேலிய இராணுவத்தின் லாண்ட் றோவர்களில் இருந்த 3.9 லீற்றர் இசுசு எஞ்சினைப் போடும்படி சொன்னவர்களும் உண்டு. அது அருமையான எஞ்சின்தான். ஆனால் 88 அங்குல வண்டியின் முன் வில்களுக்கு அந்தப் பாரமும், சீரிஸ் கியர்பொக்ஸுக்கு அந்த முறுக்குவிசையும் மிகை.

இணைப்புத் தகட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நிசான் எஞ்சினின் பின்புறத்துத் துளைகளும் கிளச்சை மூடியிருக்கும் லாண்ட் றோவர் கூடான பெல் ஹவுசிங்கின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. இரண்டுக்கும் நடுவே தடித்த உருக்குத் தகடொன்றைக் கடைந்து வைக்க வேண்டும். துளைகளைப் பொருத்துவது எளிது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங் ஷாஃப்ட்டும் கியர்பொக்ஸின் உள்வரு தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கச் செய்வதே கடினம். அந்த நடு கால் மில்லிமீற்றர் விலகினாலும் கியர்பொக்ஸின் முன் பெயறிங் விரைவில் சத்தம் போடும், கிளச் தட்டின் நடுப்பகுதி உடையும், கியர் தானாகக் கழன்று விழும். பிழை எங்கிருக்கிறது என்று தெரியாமல் பெயறிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தகட்டைக் கடைந்து தந்த பெரியவர் கொக்குவிலில் பட்டறை வைத்திருப்பவர். "தம்பி, போல்ற் இறுக்கிப் பிடிக்கத்தான், நடுவைக் காக்கிறது பின்தான்" என்று சொல்லி, தகட்டை இடம் பிசகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களுக்கான துளைகளைக் கடைசி வரை விட்டுவைத்தார். கிராங் ஷாஃப்ட்டில், நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பூட்டி, கையால் சுழற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி முள் அசையாத நிலை வரும்வரை தகட்டைத் தட்டித் தட்டி நகர்த்திய பின்னரே அவற்றைத் துளைத்தார். கிராங் ஷாஃப்ட்டின் நுனியில் கியர்பொக்ஸ் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் வெண்கலத்தில் புதிதாகக் கடைந்தார். பிரஷர் பிளேட் நிசானுடையது. கிளச் தட்டின் நடுவில் மட்டும் லாண்ட் றோவர் தண்டுக்குரிய பற்கள்.

எங்கள் பட்டறைகளின் இந்தத் திறமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. உதிரிப்பாகம் வராத காலத்தில் அதைக் கடைந்தே எடுத்த கைகள் இன்னும் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவர்களிடம் வேலை பழக இளையவர்கள் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எஞ்சினை வண்டிக்குள் இறக்குவதற்கு முன், வண்டியின் அடிச்சட்டமான செசியைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவசியம். லாண்ட் றோவரின் உடல் அலுமினியமாயினும் செசி உருக்குப் பெட்டி. கடற்கரையில் ஓடிய வண்டிகளில் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருவின் மேல் எஞ்சின் தாங்கிகளை வெல்டிங் செய்வதால் பயனில்லை. அடுத்தது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. முன் அச்சின் பற்சக்கரக் கூடான டிஃபரன்சியல் வலப்பக்கம் தள்ளியிருப்பதால், முன் வில் முழுதாக அமுங்கும்போது அது தொட்டியில் மோதக்கூடும். வண்டியைப் பலகையில் ஏற்றி, வில்லை அமுக்கி, இடைவெளியை அளந்த பின்பே தாங்கிகளின் உயரத்தை முடிவு செய்தோம்.

வெப்பத்தை இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மணலில் வண்டி ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து காற்று வராது. விசிறி மட்டுமே இழுக்க வேண்டும். ஆகவே அதைச் சுற்றித் தகரக் கூடு அமைத்து, றேடியேற்றருக்கு இன்னொரு வரிசைக் குழாய் சேர்த்தோம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்திலில் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் அது படியும். றேடியேற்றருக்குக் கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்தே ஊற்றுகிறேன்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதிக்கும் அது வேண்டும்.

இப்போது முறுக்குவிசை 140 நியூட்டன் மீற்றர் அளவிலிருந்து 175 அளவுக்கு உயர்ந்திருக்கிறது. தாழ் வீச்சின் முதலாம் கியரில் மொத்தப் பற்சக்கர விகிதம் ஏறத்தாழ 40க்கு 1. அதாவது அச்சுகளுக்குப் போகும் முறுக்குவிசை 5,600 நியூட்டன் மீற்றரிலிருந்து 7,000 வரை ஏறுகிறது. அதை முதலில் உணர்வது பின் சில்லுகளைச் சுழற்றும், பத்துப் பல் உள்ள தண்டான ஹாஃப் ஷாஃப்ட். அதனால் மணலில் ரயர் காற்றை 15 இறாத்தல் வரை இறக்கி, கிளச்சை உதறாமல், குறைந்த சுழற்சியிலேயே ஓட்டுகிறேன். உண்மையில் காற்றை இறக்குவது தரும் நன்மை, எஞ்சின் தந்த நன்மையிலும் பெரிது. ஏ9 வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்று அளவில் சுழல்கிறது. அதற்கு மேல் விரட்டுவதில்லை. ஹாஃப் ஷாஃப்ட் உடைந்தாலும் இந்த அச்சில் வண்டியை உயர்த்தாமலே ஹப்பின் போல்ற்றுகளைக் கழற்றி அதை இழுத்தெடுக்கலாம். வலம், இடம் இரண்டுக்கும் நீளம் வேறு என்பதால், மாற்றுத் தண்டுகள் இரண்டையும் வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.