இடது முன்சக்கரத்தில் ஒரு ‘டொக்’

எங்கள் கார் 2008-ஆம் ஆண்டு பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக். பதினைந்து ஆண்டுகள் முடிந்தபோது எஃப்.சி. காட்டிப் பதிவை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டோம் என்பதால், இன்னும் சில காலம் இதையே ஓட்டுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏ.சி. சித்திரை வெயிலுக்கும் ஈடுகொடுக்கிறது. இந்த நிலையில், 2025 பொங்கல் முடிந்த வாரத்தில், சென்னை சாலிகிராமத்தில் எங்கள் தெருவிலிருந்து ஆற்காடு சாலைக்குத் திரும்பும் முனையில், இடது முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஓர் ஒலி முதன்முறையாகக் கேட்டது. மரக்கதவை விரல் முட்டியால் ஒருமுறை தட்டினால் எழுமே, அப்படி ஓர் ஒலி. வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகும்போது மட்டும் வந்தது. அதற்கு மேல் டயரின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

இரண்டாம் கட்ட மெட்ரோ பணி தொடங்கியதிலிருந்து ஆற்காடு சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு, அந்தச் சாலை ஒரு காரின் அடிப்பாகத்தை எப்படிச் சோதிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் பக்கம் இரண்டு மெட்ரோ தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்வதற்கான மேம்பாலம் எழும்பிக்கொண்டிருக்க, அதன் கீழே ஒட்டுப் போட்ட தாரும், தோண்டி மூடிய பள்ளமும், இரும்புத் தகடுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. ஆகவே ஒலி கேட்டதில் எனக்கு வியப்பில்லை. அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆகும் என்று மட்டும் நினைக்கவில்லை.

முதலில் செய்தது, வண்டியைக் காலி செய்தது. டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பை, மழைக்காலத்தில் வைத்து மறந்த குடைகள் எல்லாவற்றையும் இறக்கினேன். முன்சீட்டுக்கு அடியில், எப்போதோ வடபழனி கோயிலில் அர்ச்சனை செய்த தேங்காய் மூடி ஒன்று காய்ந்து கொட்டாங்கச்சியாகிக் கிடந்தது. குற்றவாளி அதுதான் என்று ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் காலை அதே முனையில் அதே ‘டொக்’.

அடுத்ததாகச் செய்தது தவறு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். அங்கே ஒருவர் முன்பக்க மட்கார்டை இரண்டு முறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “ஷாக்கு போயிடுச்சு சார்” என்றார். ஷாக் அப்சார்பர் உண்மையில் கெட்டிருந்தால் அதன் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். அழுத்தி விட்ட வண்டி ஒரே மூச்சில் நிற்காமல் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடும். எங்கள் வண்டியில் இரண்டுமே இல்லை என்பதைப் பிற்பாடுதான் யோசித்தேன். அப்போதோ, வண்டிக்கு வயதாகிவிட்டது, இருக்கலாம் என்று தலையாட்டினேன். முன்பக்கம் இரண்டு ஷாக்கும் மாறின, ரூபாய் 11,800. வண்டி கொஞ்சம் இறுக்கமாக ஓடியது, ஒலி கொஞ்சமும் குறையவில்லை. திரும்பப் போய்ச் சொன்னபோது, லோயர் ஆர்ம், மேல் மவுன்டிங், ஸ்டியரிங் பாக்ஸ் என்று 34,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட்டை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு உதிரிப் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் ஒலி நிற்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் காரின் விலையைத் தாண்டிவிடுவோம்.

அதன் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்து, ஒலி வரும்போதெல்லாம் இடம், வேகம், சாலையின் நிலை, பிரேக்கில் கால் இருந்ததா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எழுதத் தொடங்கினேன். காதை நம்பக்கூடாது என்பது அப்போது தெரிந்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. எஃகிலோ 5,000 மீட்டருக்கும் மேல். சக்கரத்தருகே பிறக்கும் தட்டல், காரின் உலோகக் கூட்டில் ஏறி, டேஷ்போர்டுக்கு அடியிலோ கதவின் ஓரத்திலோ இறங்கிக் காதுக்கு வருகிறது. நான் ஓட்டும்போது ஒலி இடது முன்பக்கம் என்று உறுதியாகச் சொன்னேன். பின்சீட்டில் உட்கார்ந்த மாமியார், அது தம் காலுக்கு அடியில்தான் என்று அதைவிட உறுதியாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து தொடங்கும் முன், மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் தெருவோரம் நின்று கேட்டேன். அன்று ஒரு வேடிக்கை நடந்தது. நான் சோதனைக் களமாக வைத்திருந்த பாதாளச் சாக்கடை மூடியே சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. பால் வண்டி போனாலும் ‘டங்’, ஆட்டோ போனாலும் ‘டங்’. என் நோட்டில் இருந்த குறிப்புகளில் கால்வாசி, அந்த மூடியின் வரலாறு. அவற்றை அடித்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு தார் ஒட்டுக்குச் சோதனையை மாற்றினேன்.

மிச்சமிருந்த குறிப்புகள் பேசத் தொடங்கின. பிரேக்கை மெல்ல மிதித்தபடியே மேடுபள்ளத்தில் ஓட்டினாலும் ஒலி வந்தது; பிரேக் பேடோ காலிப்பரோ லொடலொடத்தால், மிதித்ததும் அவை இறுகி ஒலி அடங்கிவிடும் என்பதால், அந்தச் சந்தேகம் நீங்கியது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். மனைவி முன்பக்கச் சுருள்வில்லில் கைவைத்துப் பார்த்து, அதிர்வும் இல்லை, துள்ளலும் இல்லை என்றார். சுருளின் உச்சியைக் காரோடு பிணைக்கும் மேல் மவுன்டிங்கின் பேரிங் பிடித்துக்கொண்டிருந்தால் சுருள் முறுகி ‘டொய்ங்’ என்று விடுபடும். ஆகவே அதுவும் இல்லை. உண்மையான துப்பு வேகத்தடையில் கிடைத்தது. எங்கள் தெருவின் வேகத்தடையில் நேராக ஏறினால், எவ்வளவு தூக்கிப்போட்டாலும், ஒலி இல்லை. ஓரத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் போக வைத்திருக்கும் இடைவெளியில் ஒரு சக்கரத்தை விட்டு, மற்றதை மேட்டில் ஏற்றினால், ‘டொக்’.

ஏன் என்று புரிய, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்ஃபெர்சன் 1940-களில் வடிவமைத்த அமைப்பு: சுருளும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும், கீழே ஒரு லோயர் ஆர்ம் சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும். இடது வலது தூண்களை இணைத்து, குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடுகிறது. இதுதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வதைக் குறைப்பது இதன் வேலை. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலேறினால், இந்தக் கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்களுக்குள் சும்மா உருளும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் கம்பி முறுகும். அந்த விசை முழுவதும், கம்பியின் இரு முனைகளையும் தூண்களோடு சேர்க்கும் ஒரு சாண் அளவு லிங்க் ராடுகளின் வழியாகப் போகும். லிங்க் ராடின் இரு முனைகளிலும் சிறிய பந்து மூட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று தேய்ந்திருந்தால், நேராக ஏறும்போது வாயை மூடிக்கொண்டு, கோணலாக ஏறும்போது மட்டும் தட்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் லிங்க் ராடைப் பார்க்கச் சொன்னேன். அவர் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரைக் கடிகாரத்தின் பன்னிரண்டு, ஆறு மணி இடங்களில் பிடித்து ஆட்டினார். ஒன்பது, மூன்றில் பிடித்து ஆட்டினார். பால் ஜாயின்ட், டை ராடு இரண்டும் சரி. பிறகு லிங்க் ராடைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. “கல்லு மாதிரி இருக்கு சார், இது இல்ல” என்றார். என் கோட்பாடு அங்கேயே செத்தது. ஆறு வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்கு உயிர் கொடுத்தவர், வளசரவாக்கத்தில் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கப் பள்ளம் வைத்த சிறிய ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒரு வயதான மெக்கானிக். நான் நோட்டைப் படிக்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு வீலை மட்டும் தூக்கிப் பாத்தாரா, ரெண்டையுமா?” ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி நிற்கும்; அந்த இழுவையில் தேய்ந்த மூட்டும் இறுகிக்கொண்டு, நல்லது போல நடிக்கும். இரண்டு சக்கரமும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் நிற்க வேண்டும். வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, என்னைக் கீழே இறங்கச் சொன்னார். “காதுல கேக்காதீங்க சார், விரல்ல கேளுங்க” என்று, இடது லிங்க் ராடின் கீழ் மூட்டின் மேல் என் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு, மேலே இருந்த பையனை வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கி விடச் சொன்னார். விரல் நுனியில், உறைக்கு உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி முட்டியது. நான்கு மாதமாக மண்டைக்குள் ஒலித்தது, அங்கே ஒரு நெல்லளவு அசைவாக இருந்தது. வலது பக்கத்தில் விரலை வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

நட்டு துருவேறியிருந்தது. ஆலன் கீயால் நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பானரைத் திருப்பியும் மசியாமல், கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார். கழற்றிய ராடைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கீழ் மூட்டின் ரப்பர் உறை, மடிப்பில் கத்தி கீறியது போலக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறக் குழம்பு. புதிய மூட்டின் தண்டைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் சாய்க்க முடியும். இதுவோ ராடைத் திருப்பிய பக்கமெல்லாம் தானாகவே தலை சாய்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இந்த வண்டி இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றதை நினைத்துக்கொண்டேன். எங்கள் காரில் லிங்க் ராடு ஷாக்கோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அன்றுதான் பார்த்தேன். அதாவது, 11,800 ரூபாய்க்கு ஷாக்கை மாற்றியவர் இதன் மேல் மூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறார். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த மற்ற மூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

புதிய ராடு வாங்க, உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நானே போனேன். புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தேய்கிற மூட்டைப் பழையதாக வாங்குவதில் பொருளில்லை. கடைக்காரர் மாடலையும் ஆண்டையும் கேட்டுவிட்டு, பழைய ராடையும் மேசையில் வைத்துப் புதியதோடு அளந்து பார்த்துத்தான் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 960 ரூபாய்.

பூட்டி ஓட்டியதும் தெருமுனையில் அமைதி. வீட்டுக்கு வந்து, பின்னால் எடுத்து நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தேன், ‘டக்’. முன்பே இருந்திருக்க வேண்டும், பெரிய ஒலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. முன்னே போய்ப் பிரேக் பிடித்தால் ஒன்று, பின்னே வந்து பிடித்தால் ஒன்று. வண்டியின் எடை முன்னும் பின்னும் மாறும்போது மட்டும் வருகிறது என்றால், சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்தான் என்பதை இந்த முறை நானே சொன்னேன். மெக்கானிக் ஒரு நீளக் கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பிக் காட்டினார். ரப்பரில் பிறை வடிவில் ஒரு கிழிசல் வாய் திறந்தது.

அந்த ஆர்மை வெள்ளத்துக்குப் பிறகு, 2024-இல்தான் வேறொரு கடையில் மாற்றியிருந்தேன். ஓராண்டில் கிழிவதற்கு ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம், போல்ட்டை முடுக்கிய விதம் அப்படி என்றார் அவர். புஷ்ஷின் நடுவில் இருக்கும் உலோகக் குழாயைப் போல்ட் சட்டத்தோடு நெருக்கிப் பிடிக்கிறது. அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், ரப்பருக்கு அதுவே இயல்பு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுகி நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். ஆகவே புதிய ஆர்மைப் பூட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைப் பள்ளத்தின் மேல் நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, இரண்டு முறை அமுக்கி விட்டு, அதன் பிறகே கீழே இறங்கி முழுதாக முடுக்கினார். ஜாக்கியில் வைத்துச் செய்வதைவிடக் கால்மணி நேரம் கூடுதலாக ஆனது. வலது பக்கத்து ஆர்மின் போல்ட்டையும் தளர்த்தி, அதே முறையில் மீண்டும் இறுக்கினார்.

ஆர்ம், லிங்க் ராடு, கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 5,350 ரூபாய் ஆயிற்று. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை பார்க்க வரச் சொல்லியிருந்தார். போனேன். ஒவ்வொன்றிலும் ஸ்பானரை வைத்துப் பார்த்தார்; ஒன்றும் தளரவில்லை. காசு வேண்டாம் என்றார். எதிர்க்கடையில் இருவருமாகத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.